டன்லப்பின் குறிப்பேடுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெல்பர்னில் செயின்ட் கில்டா சாலையோரப் பூங்காவில் நிற்கும் வியரி டன்லப் சிலையைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் போர்க்கைதிகளைக் காப்பாற்றிய மருத்துவர் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். "மிச்ச வாழ்நாளையும் முன்னாள் கைதிகளுக்கே கொடுத்தார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அதை அந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். போர் முடிந்தபிறகு ஒரு அறுவை மருத்துவர் பழைய சிப்பாய்களுக்கு அப்படி என்னதான் செய்ய முடியும்? இது முதல் கேள்வி. அதே பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்களுக்கு ஒரு டன்லப் ஏன் இல்லாமல் போனார்? அவர்களின் பெயர்களை எங்கே தேடுவது? இது இரண்டாவது.

அன்புடன்
கே.

அன்புள்ள கே.,

சிலையிலிருந்தே தொடங்குகிறேன். பீட்டர் கார்லெட் வடித்த அந்த உருவம் ராணுவ உடுப்பில் இல்லை. கோட்டு போட்ட, வயதான, சற்றே குனிந்த ஆள் அவர். ரயில் பாதையில் ஹின்டாக் என்ற கைதி முகாமின் லெப்டினன்ட் கர்னலை விட்டுவிட்டு, அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டின் மனிதரைச் சிற்பி எடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் முதல் கேள்வியும் அந்த அரை நூற்றாண்டைப் பற்றியதுதான். ஆனாலும் முகாமுக்குள் ஒருமுறை போய் வரவேண்டியிருக்கிறது. பின்னால் அவர் செய்தது அங்கே செய்த வேலையின் நீட்சி.

எர்னஸ்ட் எட்வர்ட் டன்லப் 1907-ல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். மருந்தாளுநராகத் தொடங்கி மருத்துவரானவர். ஆஸ்திரேலிய அணிக்காக ரக்பி ஆடியவர். 'வியரி' என்பது கல்லூரிக் கேலி. டன்லப் என்றால் டயர், ஆங்கிலத்தில் அதே ஒலியில் 'களைத்தவன்' என்ற சொல்லும் இருக்கிறது, அதிலிருந்து வியரி. கிரீஸ், டோப்ருக் வழியாக ஜாவாவுக்கு வந்து, 1942 மார்ச்சில் பாண்டுங் ராணுவ மருத்துவமனையோடு ஜப்பானியரிடம் பிடிபட்டார். 1943 ஜனவரியில் சிங்கப்பூர் வழியாகத் தாய்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் பொறுப்பில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். கொன்யு, ஹின்டாக் என்ற இரண்டு இடங்களில் பாறையை உடைத்து ரயில் பாதை போடவேண்டும். மொத்தப் பாதை 415 கிலோமீட்டர், அதே ஆண்டு அக்டோபரில் இரு முனைகளும் சேர்ந்தன. நேசநாட்டுக் கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஆஸ்திரேலியர் சுமார் 2,800.

டன்லப் காலையில் செய்த முதல் வேலை அறுவை அல்ல, எண்ணிக்கை. ஜப்பானியப் பொறியாளர் இன்று இத்தனை பேர் வேண்டும் என்பார். நிற்கக்கூடியவர்கள் அதைவிடக் குறைவாக இருப்பார்கள். யாரை அனுப்பினால் மாலையில் உயிரோடு திரும்புவான் என்று மருத்துவர் முடிவு செய்யவேண்டும். மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். இன்று நிற்பவன் நாளை விழுவான். வயிற்றுக்கடுப்புக்காரன் பாறையிடம் போகமாட்டான், ஆனால் முகாமுக்குள் விறகு உடைப்பான். இந்தக் கணக்கு தினமும் மாறும். எழுதிவைக்காமல் நடத்த முடியாது. அதனால் யாருக்கு என்ன நோய், எத்தனை நாள், எந்த வேலை என்பதற்கெல்லாம் குறிப்பு இருந்தது. கூடவே அவருடைய சொந்த நாட்குறிப்பும் இருந்தது. கண்டுபிடிபட்டால் அடி உதை உறுதி என்று தெரிந்தே ஒளித்து ஒளித்து எழுதினார். அது 1986-ல் அச்சில் வந்தது.

அடுத்தது காசு. கைதிகளில் அதிகாரிகளாக இருந்தவர்களுக்கு ஜப்பானியர் சம்பளம் என்று ஒன்று கொடுத்தார்கள். உழைக்கும் சிப்பாய்க்கு மிகச் சொற்பம், படுத்துவிட்டவனுக்கு ஒன்றுமில்லை. டன்லப் அதிகாரிகளின் சம்பளத்திலிருந்து பெரும்பகுதியைப் பிடித்துப் பொது நிதியாக்கினார். அதிகாரிகளில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அந்த நிதியில் ஆற்றங்கரை வியாபாரிகளிடம் வாங்கியவை வாத்துமுட்டையும் பாசிப்பயறும் வேர்க்கடலையும். இது இரக்கத்தில் வாங்கிய பண்டம் அல்ல, மருந்து. தீட்டிய அரிசியை மட்டும் தின்றால் பெரிபெரி வரும். கால் வீங்கி, நரம்பு எரிந்து, கடைசியில் இதயம் நிற்கும். அதைத் தடுப்பது தயமின் என்ற வைட்டமின் பி1. 100 கிராம் பாசிப்பயறில் அது சுமார் 0.6 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குதான், அதையும் களைந்து ஊற்றிவிடுகிறோம். தவிடு கிடைத்தால் அது இரண்டையும் விஞ்சும், ஆனால் வயிற்றுப்போக்கு உள்ளவனால் தவிட்டைத் தாங்கமுடியாது. பயறை முளைகட்டினால் வைட்டமின் சி-யும் சேரும். ஆகவே ஒரு முட்டை யாருக்கு, ஒரு பிடி பயறு யாருக்கு என்பதும் பட்டியலில் வந்தது.

ஜூனில் மழையோடு காலரா வந்தது. ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல் நீர் வெளியேறிச் சாகும் நோய் அது. இழந்த உப்புநீரை ரத்தக்குழாய் வழியே திருப்பி ஊற்றவேண்டும் என்று லியனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுவியிருந்தார். காட்டு மருத்துவர்களுக்கு முறை தெரியும், சாமான்தான் இல்லை. சாதாரண உப்புநீர் என்றால் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. பாறை உப்பைக் கரைத்து, பஞ்சில் வடிகட்டி, புட்டியில் ஊற்றி, ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர் குழாயை மாட்டி, ஊசிக்குப் பதில் செதுக்கிய மூங்கில் குழல். இதில் கோளாறு எங்கே வரும் என்றால், ஆற்றுநீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், செத்த கிருமியின் நஞ்சு போகாது. அது ரத்தத்தில் ஏறினால் நோயாளிக்குக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்து, பிழைக்க இருந்தவனும் போய்விடலாம். ஆவியாக்கி வடித்த நீரில் அந்த நஞ்சு பின்தங்கிவிடும். முகாம்களில் மூங்கிலையும் கிடைத்த உலோகக் குழாயையும் வைத்து வடிகலம் கட்டியதற்குக் காரணம் இதுதான். படங்களில் இதைப் பார்க்கிறவர்கள் 'என்ன கைத்திறன்' என்று வியந்து அதோடு விட்டுவிடுகிறார்கள்.

காலராவைவிட நீண்டநாள் வேலை வைத்தது புண். மூங்கில் சிராய்ப்போ தெறித்த கல்லோ முழங்காலுக்குக் கீழே பட்டால் போதும். சத்துக்கெட்ட உடம்பில் அது நாலைந்து நாளில் உள்ளங்கை அகலம் ஆகும், பிறகு கால் எலும்பு தெரியும். கூர்மையாக்கிய கரண்டியால் அழுகல் சதையைச் சுரண்டி எடுக்கவேண்டும். மயக்கமருந்து கிடையாது. பிடித்துக்கொள்ள நாலு பேர். ஓரத்தில் கொஞ்சம் அழுகல் விட்டுப்போனாலும் மறுபடி பரவும். ஒரே துணியைக் கொதிக்கவைக்காமல் அடுத்தவனுக்குக் கட்டினால் அவனுக்கும் தொற்றும். காலை எடுக்கத் தாமதித்தால் உயிர் போகும். பர்மா பக்கத்தில் 55-ஆவது கிலோமீட்டரில் இருந்த முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் மட்டும் ஏறக்குறைய 120 கால்களை எடுத்திருக்கிறார். சுங்காயில் கனடாக்காரர் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ், ரத்தம் உறையாமலிருக்க மருந்தில்லாமல், எடுத்த ரத்தத்தைக் கடைந்து உறைநாரைப் பிரித்தபின் ஏற்றினார். இதையெல்லாம் சொல்வது, டன்லப் தனியாள் இல்லை என்பதற்காக. அவரே அதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர். குறிப்பேடு மிஞ்சியது, நீண்டநாள் வாழ்ந்தார், நாடு அவரைத் தேர்ந்துகொண்டது. 1995-ல் 50 சென்ட் நாணயத்தில்கூட அவர் முகம்தான் வந்தது. கோட்ஸுக்கு அந்த அளவு பேர் கிடைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இனி நீங்கள் கேட்ட ஐம்பது வருடம்.

ஜப்பானியரிடம் பிடிபட்ட ஆஸ்திரேலியர் சுமார் 22,000 பேர், அதில் சுமார் 8,000 பேர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் 1945-ன் இறுதியில் கப்பலிலிருந்து இறங்கியபோது ஒரே அவசரத்தில் இருந்தார்கள், வீட்டுக்குப் போகவேண்டும். விடுவிப்புப் பரிசோதனையில் 'ஏதாவது கோளாறு உண்டா' என்று கேட்டால் 'இல்லை' என்றவர்கள் ஏராளம். உண்டென்றால் மருத்துவமனையில் நிறுத்திவிடுவார்கள். அந்த 'இல்லை' தாளில் ஏறிவிட்டது. பத்து, இருபது வருடம் கழித்துப் பாதம் எரிகிறது, பார்வையின் நடுவில் மங்கல், குடல் புண், தூக்கத்தில் அலறல் என்று 'ரீபாட்' அலுவலகத்துக்குப் போய் நின்றபோது, முதலில் நீட்டப்பட்டது அந்தத் தாள்தான். ரீபாட் என்பது முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு அங்கே மக்கள் வைத்த சுருக்கப் பெயர்.

ஊன ஓய்வூதியக் கோரிக்கையில் ஒரு மருத்துவரின் கடிதம் எடுபடுவதற்கு அதில் நான்கு கண்ணி அறாமல் இருக்கவேண்டும். இவர் இந்த மாதங்களில் இந்த இடத்தில் இருந்தார். அங்கே இவருக்கு இந்த நோய் இருந்தது. அந்த நோய் இந்த வழியில் இப்படிப்பட்ட சேதத்தை விட்டுப்போகும். இன்று இவர் உடம்பில் காண்பது அந்தச் சேதம். மூன்றாவதையும் நான்காவதையும் எந்த நல்ல மருத்துவரும் எழுதுவார். முதல் இரண்டை எழுத அங்கே இருந்த ஆள் வேண்டும், இல்லை அன்றைய குறிப்பு வேண்டும். டன்லப்பிடம் இரண்டும் இருந்தன. மெல்பர்னில் பெரிய மருத்துவமனைகளில் உணவுக்குழாய்ப் புற்றுக்கு நீண்ட அறுவைகள் செய்துகொண்டிருந்தவர், அதற்கு நடுவே பழைய முகாம்காரர்களை வரவழைத்துப் பார்த்தார், காசு வாங்கவில்லை, துறைக்கும் தீர்ப்பாயங்களுக்கும் கடிதம் எழுதித் தள்ளினார். விதவைகளுக்காகவும் எழுதினார். 'வாழ்நாளைக் கொடுத்தார்' என்ற உங்கள் ஒரு வரியில் பெரும்பகுதி இந்தக் கடித வேலைதான். படம் எடுக்க லாயக்கில்லாத வேலை என்பதால் யாரும் விரித்துச் சொல்வதில்லை.

சட்டம் என்னவோ சாதகமாகவே இருந்தது. 1943-லேயே ஆஸ்திரேலியா நிரூபிக்கும் சுமையைச் சிப்பாயின் தலையிலிருந்து இறக்கி அரசின் தலையில் வைத்துவிட்டது. ஆனால் சட்டத்தில் உள்ளது அலுவலக மேசைக்கு வரும்போது சுருங்கிவிடும். பதிவில் இல்லாத நோயைக் குடியின்மேலும் வயதின்மேலும் போடுவது எந்த நாட்டு அலுவலகத்துக்கும் சுலபம். (நம் ஊரிலும் இதே வழக்குதான். பணியில் சேரும்போது மருத்துவக் குறிப்பில் இல்லாத நோய், மாறாக அரசு நிரூபிக்காதவரை, பணியால் வந்ததாகவே கொள்ளப்படவேண்டும் என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்ட பட்டாளத்துக்காரர் யாரேனும் இதைப் படித்தால், சேர்க்கைப் பரிசோதனைத் தாளின் நகலை முதலில் கேட்டு வாங்கவும்.)

பணத்தில் அரசு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு. கைதியாக இருந்த நாட்களில் அரசு தங்களுக்குச் சோறு போடவில்லை, ஆகவே ஒரு நாளைக்கு 3 ஷில்லிங் உணவுப்படி தரவேண்டும் என்று முன்னாள் கைதிகள் கேட்டார்கள். மூன்றரை வருடத்துக்கு ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 190 பவுண்டு ஆகும். ஜப்பானியரிடமிருந்து மீண்ட சுமார் 14,000 பேருக்கு மட்டும் 26 லட்சம் பவுண்டுக்கு மேல். நீதிபதி தலைமையில் குழு போட்டார்கள், பெரும்பான்மை 'முடியாது' என்றது. பதிலாக 1950-களின் தொடக்கத்தில் கஷ்டப்படுகிறவர்களுக்கு என்று 2,50,000 பவுண்டில் ஒரு அறக்கட்டளை நிதி வந்தது. உரிமையாகக் கேட்டதைத் தானமாக மாற்றிவிட்டார்கள். வறுமையை நிரூபித்து மனுப்போட வேண்டும் என்றதும் பலர் மனுவே போடவில்லை. முன்னாள் கைதிகள் எல்லோருக்கும், எந்த நோயானாலும், கேள்வியில்லாமல் இலவச சிகிச்சை என்பது 1974-ல்தான் வந்தது. உயிரோடிருந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் 25,000 டாலர் ஒரே தவணையாகக் கொடுத்தது 2001-ல். டன்லப் அதற்கு எட்டு வருடம் முன்பே, 1993 ஜூலையில் இறந்துவிட்டார்.

'கேள்வியில்லாமல்' என்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு புழுவின் கதை போதும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற இழைப்புழு, ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்றவனின் தோல்வழியே ஏறிக் குடலில் தங்கும். மற்றக் குடற்புழுக்கள் பெரும்பாலும் சில வருடத்தில் செத்து ஒழியும், இது ஒழியாது. குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் வெளியே போகாமலேயே மறுபடி உடம்புக்குள் ஏறும். நாற்பது வருடம் கழித்தும் உயிரோடு இருக்கும். இடுப்பிலும் பிட்டத்திலும் ஒரு செந்தடிப்புக் கோடு திடீரென்று தோன்றி மணிக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்து மறையும். மருத்துவரிடம் போவதற்குள் காணாமல் போயிருக்கும், 'நரம்புக் கோளாறு' என்று அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை மலம் பரிசோதித்தால் பெரும்பாலும் தெரியாது, ரத்தத்தில் ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணு கூடியிருப்பதுதான் துப்பு. விபரீதம் எங்கே என்றால், அதே ஆளுக்கு ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் எதிர்ப்புச்சக்தி தளர்ந்து புழு உடம்பெங்கும் பெருகி ஆளைக் கொன்றுவிடும். 1970-களின் இறுதியிலும் அடுத்த சில வருடங்களிலும் லிவர்பூலிலும் பெர்த்திலும் முன்னாள் கைதிகளைத் தேடித்தேடிப் பரிசோதித்தபோதுதான் அளவு தெரிந்தது. பெர்த்தில் பார்த்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இருந்தது. 1943-ல் எங்கே நின்றாய் என்று கேட்கத் தெரிந்த மருத்துவர் இருந்தால் பிழைப்பான். இன்றைக்கு ஐவர்மெக்டின் மாத்திரையோடு முடிகிற நோய் இது.

மற்றவை சுருக்கமாக. ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின்கீழ் 1956 முதல் தாய்லாந்து, இலங்கை, இந்தியா என்று போய்க் கற்பித்தார். 1969-ல் வியட்நாமுக்கு ஆஸ்திரேலிய அறுவைக் குழுவை நடத்திப் போனார். ஜப்பானியரை மன்னித்தார், எல்லா முன்னாள் கைதிகளும் அதை ஒப்பவில்லை, ஒப்பவேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை. பூன்பொங் என்ற காஞ்சனபுரி வியாபாரி படகில் முகாம்களுக்கு மருந்தும் பணமும் கடத்திக் கொடுத்தவர். 1980-களில் தாய்லாந்து அறுவை மருத்துவர்களை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் பயிற்சி தரும் ஒரு நிதி, இருவர் பெயரையும் சேர்த்து உருவானது. இன்னும் நடக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி கடினமானது. 'டன்லப் இல்லை' என்று தனிமனிதரின் கணக்கில் வைத்தால் தவறிவிடும். பட்டாளத்தில் ஆயிரம் பேர் என்றால் பெயர்ப்பட்டியல், சமையல்காரன், சுகாதாரப் பொறுப்பாளன், கக்கூஸ் குழி தோண்டும் முறை, கட்டளையிட்டால் கேட்கும் வரிசை எல்லாம் கூடவே வரும். ஆயிரம் பேருக்கு ஆளுக்கு நாலு லிட்டர் கொதித்த நீர் என்றால் தினமும் 4,000 லிட்டர், இருபது பெரிய பீப்பாய். அதற்கு விறகுக் கூட்டம் தனி, குவாலி என்ற பெரிய இரும்புச் சட்டியைக் காயவைப்பவன் தனி, சோற்றுத்தட்டை வெந்நீரில் முக்காமல் வரிசையில் வருபவனைத் திருப்பி அனுப்புபவன் தனி. கொதிநீர் குடிப்பது தனிமனித சுத்தம் என்று நினைக்கிறோம், அது முழுக்க முழுக்க ஏற்பாடு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் ரயிலேற்றப்பட்ட எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. கங்காணிக்கு ஆள் திரட்டத் தெரியும், காலராவைத் தடுக்கத் தெரியாது. 1943 நடுவில் சிங்கப்பூரிலிருந்து கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று கைதி மருத்துவர்களைப் பிரித்து ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். போனவர்களிடம் மருந்தும் இல்லை, முகாமில் அதிகாரமும் இல்லை. காலராவில் விழுந்தவர்களைக் கட்டிடத்தோடு எரித்த முகாம்கள் உண்டு என்று தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போருக்குப் பிறகும் அதே இடைவெளி தொடர்ந்தது. ஆஸ்திரேலியன் கேட்டுப் போராட ஒரு துறை இருந்தது, துறை மறுக்க ஒரு தாளாவது இருந்தது. தோட்டத் தொழிலாளி யாருக்குச் சிப்பாய்? எந்த அரசின் படையிலும் இல்லை, ஆகவே எந்த அரசின் ஓய்வூதியச் சட்டத்திலும் இல்லை. தோட்டத்துக் காலை ஆள்கணக்கான பெரட்டில் தினமும் கூப்பிட்ட பெயர்கள் ரயிலேறும்போது கூட ஏறவில்லை.

தேடுவதற்கு: ஆஸ்திரேலியச் சிப்பாய் என்றால் தேசிய ஆவணக்காப்பகத்தின் பி 883 வரிசையில் பெயரும் படை எண்ணும் கொடுத்துத் தேடலாம். எண் விஎக்ஸ் என்று தொடங்கினால் விக்டோரியாவில் சேர்ந்தவர், என்எக்ஸ் என்றால் நியூ சவுத் வேல்ஸ். ஜப்பானியர் கைதிகளுக்கு எழுதிய அட்டைகள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 345 வரிசையிலும், விடுதலையானபோது கைதிகள் நிரப்பிய வினாத்தாள்கள் டபிள்யூ.ஓ. 344-லும் இருக்கின்றன. இவற்றில் மலாயாத் தோட்டத் தமிழர் கிடையாது. அவர்களுக்கு முதலில் தோட்டத்தின் பெயர், பிறகு அந்தத் தோட்டத்தை வைத்திருந்த கம்பெனியின் பெயர், அதன் பழைய சம்பளப் பேரேடுகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்ற கேள்வி, இந்த வரிசையில் போகவேண்டும். மலேசிய தேசிய ஆவணக்காப்பகத்தில் தொழிலாளர் துறைக் கோப்புகளையும், சிங்கப்பூர் ஆவணக்காப்பகத்தில் ஜப்பானியர் காலத்து வாய்மொழி நேர்காணல்களையும் பார்க்கவும். தேடும்போது ஒரே பெயரை ஐந்தாறு ஆங்கில எழுத்துக்கூட்டில் போட்டுப் பாருங்கள், தகப்பன் பெயரையும் சேர்த்து. முத்தையா மட்டுமே நாலு விதமாக எழுதப்பட்டிருப்பார்.

அன்புடன்
ஆசிரியர்